ஆறு பேர் ஊரில் நூறு சதவீதம், ஐந்நூறு பேர் ஊரில் ஆறு சதவீதம்

அமெரிக்க அதிபர் தேர்தல் நாளன்று, அங்கே பெரும்பாலானோர் தூக்கத்தில் இருக்கும்போதே, இங்கே தொலைக்காட்சியின் அடிப்பட்டையில் "முதல் முடிவு வெளியானது" என்று ஓட ஆரம்பித்துவிடும். 2024 நவம்பர் 5 அன்றும் ஓடியது. கமலா ஹாரிஸ் 3, டொனால்ட் டிரம்ப் 3. ஊர் பெயர் டிக்ஸ்வில் நாட்ச், மாநிலம் நியூ ஹாம்ப்ஷயர். மொத்த வாக்காளர்கள் ஆறு பேர், ஆறு பேரும் ஓட்டுப் போட்டுவிட்டார்கள், நூறு சதவீத வாக்குப்பதிவு.

பார்ப்பவர்களுக்கு இரண்டு கேள்விகள் வரும். இது ஏதாவது போக்கைக் காட்டுகிறதா? நாடு முழுக்க மூன்றில் ஒருவர் ஓட்டே போடாத தேசத்தில் இந்த ஊரில் மட்டும் எப்படி நூறு? இரண்டுக்கும் பதில் தேடினால், "சாய்வு", "வாக்குப்பதிவு சதவீதம்" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிற சொற்களுக்குள் எவ்வளவு கணக்கு ஒளிந்திருக்கிறது என்பது புரியும். அதே மாநிலத்தில் இன்னொரு சிற்றூரில் 2022-ல் நடந்த கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது முழுமையாகும்.

நள்ளிரவு ஓட்டு எங்கிருந்து வந்தது

"நாட்ச்" என்பது நியூ ஹாம்ப்ஷயர்க்காரர்கள் மலைக்கணவாய்க்குச் சொல்லும் சொல். கனடா எல்லையை ஒட்டிய கோவஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது), ஒரு கணவாயில் இருக்கிறது இந்த இடம். ஊர் என்று சொல்வதே கொஞ்சம் தாராளம்தான். பால்சம்ஸ் என்ற பழைய, பெரிய ஓட்டலும் அதைச் சுற்றிச் சில வீடுகளும். 2020 மக்கள்தொகைக் கணக்கில் இங்கே குடியிருந்தவர்கள் நான்கு பேர்.

ஓட்டலை 1954-ல் வாங்கியவர் நீல் டில்லட்சன். ரப்பர் பாலில் இருந்து பலூன் செய்து பெரும் பணம் சேர்த்த தொழிலதிபர். ஓட்டுப் போட வேறு ஊருக்கு அலைவானேன் என்று இங்கேயே வாக்குச்சாவடிக்கு ஏற்பாடு செய்தார். 1960-ல் முதல் நள்ளிரவு ஓட்டு நடந்தது. நிக்சன் 9, கென்னடி 0. அதற்குப் பிறகு 2000 வரை முதல் ஓட்டு டில்லட்சனுடையதுதான். மரப்பெட்டியின் வாய்க்கு மேலே சீட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார். பன்னிரண்டு அடித்ததும் விரலை விடுவார், கேமராக்கள் மின்னும். 2001-ல், 102 வயதில் இறந்தார்.

இதைக் கண்டுபிடித்தது டிக்ஸ்வில் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே மாநிலத்தின் ஹார்ட்ஸ் லொகேஷன் என்ற ஊர் 1948-லேயே ஆரம்பித்துவிட்டது. அங்கே இருந்தவர்களில் பலர் ரயில்வே ஊழியர்கள். சாவடி திறக்கும் நேரத்துக்கு முன்பே வேலைக்குப் போக வேண்டியவர்கள், ஆகவே நடுராத்திரி. அங்கே வசதிக்காக வந்த வழக்கம், டிக்ஸ்வில்லில் வசதியோடு விளம்பரமும் ஆனது. ஓட்டல்காரருக்கு அது கசக்குமா என்ன?

இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நூறு பேருக்கும் குறைவாக வசிக்கும் ஊர்கள் நள்ளிரவிலேயே சாவடியைத் திறக்கலாம். பட்டியலில் உள்ள எல்லோரும் ஓட்டுப் போட்டு முடித்துவிட்டால் உடனே மூடி எண்ணலாம். கடைசி வாக்கியம்தான் முக்கியம். ஒருவர் வராமல் போனாலும் மூட முடியாது, முதல் முடிவு என்ற பெருமையும் போய்விடும். அதனால் ஊரில் எல்லோரும் வந்தே தீருவார்கள், முடியாதவர் முன்கூட்டியே தபால் ஓட்டைக் கொடுத்துவிடுவார். ஆக, அந்த நூறு சதவீதத்தைக் குடிமை உணர்வுக்கு அளவுகோலாகப் படிக்கக் கூடாது. அது இந்த விளையாட்டில் சேர்வதற்கான நுழைவுச் சீட்டு.

சதவீதம் என்றால், எதை எதால் வகுத்தது?

வாக்குப்பதிவு சதவீதத்தில் மேலே இருக்கும் எண்ணில் பெரிய சண்டை இல்லை, பதிவான ஓட்டுகள்தான். குழப்பம் எல்லாம் கீழே இருக்கும் எண்ணில். அமெரிக்காவில் மூன்று விதமாக வகுக்கிறார்கள்.

1. 18 வயது நிரம்பிய எல்லோரும். இதில் குடியுரிமை இல்லாதவர்களும் சேர்ந்துவிடுவார்கள். கீழே எண் பெரிதாகும், சதவீதம் குறையும்.

2. ஓட்டுப் போடத் தகுதி உள்ளவர்கள். குடியுரிமை இல்லாதவர்களையும், தண்டனை காரணமாக ஓட்டுரிமை இழந்தவர்களையும் கழித்துவிட்டு வரும் எண். ஆய்வாளர்கள் நம்புவது இதைத்தான். இந்தக் கணக்கில் 2020 அதிபர் தேர்தலில் சுமார் 66 சதவீதம், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இல்லாத உயரம். 2024-ல் சுமார் 64. அதிபர் தேர்தல்களுக்கு நடுவே வரும் இடைக்காலத் தேர்தலில் (நம் ஊர் இடைத்தேர்தல் வேறு, இது நாடு முழுக்க நடப்பது) 2014-ல் 37 சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

3. பதிவு செய்த வாக்காளர்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் பட்டியலில் பெயர் சேர்ப்பது வாக்காளரின் வேலை. பதிவு செய்தவர் ஏற்கெனவே கொஞ்சம் அக்கறை உள்ளவர் என்பதால் இந்தச் சதவீதம் எப்போதும் அழகாகத் தெரியும்.

டிக்ஸ்வில்லின் நூறு, மூன்றாவது வகை.

நியூ ஹாம்ப்ஷயரில் இன்னொரு சிக்கலும் உண்டு. தேர்தல் நாளன்றே சாவடிக்குப் போய்ப் பெயரைச் சேர்த்து அங்கேயே ஓட்டுப் போடலாம். அப்படியானால் காலையில் இருந்த பட்டியலும் மாலையில் இருக்கும் பட்டியலும் ஒன்றல்ல. மாலை ஓட்டுகளைக் காலைப் பட்டியலால் வகுத்தால் கணக்கு கோணலாகும். 2020-ல் விஸ்கான்சினில் நடந்தது இதன் அண்ணன். "பதிவு செய்தவர்களைவிட ஓட்டுகள் அதிகம்" என்று ஒரு வதந்தி கிளம்பியது. அங்கே பதிவான ஓட்டு சுமார் 33 லட்சம். வதந்தியில் இருந்த வாக்காளர் எண்ணிக்கை 31 லட்சத்துச் சொச்சம், ஆனால் அது பழைய பட்டியலுடையது. அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் 36 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் இருந்தன, அங்கேயும் அன்றைக்கே பெயர் சேர்க்கலாம். மோசடி என்று பரவியது, வகுக்கும் எண் மாறிப்போன விஷயம்.

வடக்கு டகோட்டாவில் வாக்காளர் பதிவு என்ற ஏற்பாடே 1951 முதல் கிடையாது. அங்கே மூன்றாவது வகைச் சதவீதத்தைக் கணக்கிடவே வழியில்லை. இரண்டு மாநிலங்களை ஒப்பிடும் செய்தியில் இதைப் பார்க்காமல் எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன பயன்?

சாய்வு: பட்டியலில் ஒன்று, பெட்டியில் ஒன்று

அமெரிக்காவில் சுமார் முப்பது மாநிலங்களில் வாக்காளராகப் பதியும்போதே கட்சியையும் எழுதிக்கொள்ளலாம். நியூ ஹாம்ப்ஷயரில் மூன்று பெட்டிகள்: குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி, கட்சி அறிவிக்காதவர். இந்த மூன்றாவது கூட்டம் மாநிலத்தில் மிகப் பெரியது. கட்சி வேட்பாளரைத் தேர்வு செய்யும் பிரைமரி நாளன்று இவர்கள் எந்தக் கட்சியின் சீட்டை வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம், ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பக் கட்சி அறிவிக்காதவராகவே வீட்டுக்குப் போகலாம்.

அப்படியானால் பட்டியலைப் பார்த்து ஊரின் சாய்வைச் சொல்லலாமா? 2024-ல் டிக்ஸ்வில்லில் இருந்த ஆறு பேரில் நான்கு பேர் குடியரசுக் கட்சி, இரண்டு பேர் கட்சி அறிவிக்காதவர்கள். ஜனவரியில் நடந்த குடியரசுக் கட்சி பிரைமரியில் நிக்கி ஹேலிக்கு ஆறுக்கு ஆறு. டிரம்ப்புக்கு ஒன்றுகூட இல்லை. நவம்பரில் டிரம்ப்புக்கு மூன்று. நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டு இந்த எண்களைப் பாருங்கள். பட்டியல் மாறவில்லை என்றால், குடியரசுக் கட்சிக்காரர்கள் நால்வரில் குறைந்தது ஒருவர் டிரம்ப்புக்குப் போடவில்லை. ஜனவரியில் அவரை வேண்டாம் என்றவர்களில் மூன்று பேர் நவம்பரில் அவருக்கே போட்டிருக்கிறார்கள். பட்டியல் சாய்வு, பிரைமரி சாய்வு, இறுதித் தேர்தல் சாய்வு என்று ஒரே ஆறு பேருக்கு மூன்று முகங்கள்.

2020 பிரைமரி இன்னும் வேடிக்கை. சீட்டில் பெயரே அச்சிடப்படாத நியூயார்க் முன்னாள் மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கின் பெயரைக் கையால் எழுதி மூன்று பேர் ஓட்டுப் போட்டார்கள். அதில் இரண்டு ஜனநாயகக் கட்சிச் சீட்டு, ஒன்று குடியரசுக் கட்சிச் சீட்டு. ஆக அந்த ஊரில் இரண்டு கட்சிகளின் பிரைமரியிலும் வென்றவர் ஒரே ஆள்.

சோசியம் பலித்ததா?

"டிக்ஸ்வில் எப்படியோ நாடு அப்படி" என்று ஒரு பேச்சு உண்டு. எண்ணிப் பார்த்துவிடலாம். 1960 முதல் 2024 வரை பதினேழு அதிபர் தேர்தல்கள். 2004 வரை, ஜனநாயகக் கட்சியின் ஹம்ஃப்ரிக்கு அதிகம் விழுந்த 1968-ஐத் தவிர, எல்லா முறையும் இங்கே குடியரசுக் கட்சிதான் வென்றது. 2008-ல் ஒபாமா 15, மெக்கெயின் 6. 2012-ல் ஒபாமா 5, ராம்னி 5. 2016-ல் ஹிலரி கிளின்டன் 4, டிரம்ப் 2. 2020-ல் பைடன் 5, டிரம்ப் 0.

இவற்றை நாட்டின் முடிவோடு பொருத்தினால்: சரியாகச் சொன்னது 8 முறை, தவறியது 7 முறை, சமம் 2 முறை. காசைச் சுண்டிப் போட்டாலும் இதே லட்சணம்தான் வரும்.

ஆறு பேர் ஊரில் ஒருவர் மனசு மாறினால் ஐம்பதுக்கு ஐம்பது என்பது அறுபத்தேழுக்கு முப்பத்து மூன்று ஆகிவிடும். பெரிய மாநிலத்தில் இப்படி ஒரு ஊசலாட்டத்தை அரசியல் பூகம்பம் என்பார்கள். தவிர, ஆறு காசுகளைச் சுண்டினால் நூற்றுக்கு முப்பத்தோரு தடவை மூன்றுக்கு மூன்று தானாகவே விழும். "பிளவுபட்ட அமெரிக்காவின் சின்னம்" என்று அந்த 3-3-ஐ வர்ணித்தவர்கள் காசுக்கும் அதே வர்ணனையைத் தரலாம்.

பக்கத்து ஊர்களைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். டிக்ஸ்வில்லுக்கு அடுத்து இருக்கும் மில்ஸ்ஃபீல்டிலும் நள்ளிரவு ஓட்டு உண்டு. 2020-ல் டிக்ஸ்வில் பைடனுக்கு 5-0 என்றபோது மில்ஸ்ஃபீல்ட் டிரம்ப்புக்கு 16-5. ஒரே மலை, ஒரே கவுண்டி. 2016-ல் டிக்ஸ்வில், மில்ஸ்ஃபீல்ட், ஹார்ட்ஸ் லொகேஷன் என்ற மூன்று நள்ளிரவு ஊர்களையும் கூட்டினால் டிரம்ப் 32, கிளின்டன் 25. மாநிலத்தில் ஜெயித்ததோ கிளின்டன், 2,736 ஓட்டு வித்தியாசத்தில்.

கோவஸ் கவுண்டியின் உண்மையான திருப்பத்தை இந்த ஆறு, எட்டு பேரிடம் தேடினால் கிடைக்காது. பெர்லின், குரோவ்டன் ஊர்களின் காகிதத் தொழிற்சாலைகள் 2006, 2007-ல் மூடப்பட்டன. 2012-ல் ஒபாமாவுக்குப் போட்ட அந்தக் கவுண்டி 2016-ல் டிரம்ப் பக்கம் போய் அங்கேயே நின்றது. ஆலை மூடல் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இதே மாதிரித் தொழில் போன பல கவுண்டிகள் இதே பாதையில் போயின. டிக்ஸ்வில் மட்டும் எதிர்த்திசையில் போனதற்கு விளக்கம் எளிது: ஆட்கள் மாறிவிட்டார்கள். 2011-ல் ஓட்டல் மூடப்பட்டதும் அங்கே வேலை பார்த்தவர்கள் வெளியேறினார்கள். மிஞ்சியதும் புதிதாக வந்ததும் ஒரு கை விரல்களில் அடங்கும் கூட்டம். ஊர் மனம் மாறியது என்று நாம் படிப்பதில் பாதி, ஊரில் ஆள் மாறியதுதான்.

ஆள் குறைந்தது வேறு தொல்லைகளையும் கொண்டுவந்தது. தேர்தல் நடத்தச் சட்டப்படி சில பதவிகளில் ஆள் இருக்க வேண்டும். 2019-ல் ஒரு ஆள் குறைந்ததால் அடுத்த ஆண்டு நள்ளிரவு ஓட்டே நடக்குமா என்ற நிலை வந்து, ஒருவர் குடிவந்த பிறகுதான் தப்பியது.

ரகசிய ஓட்டும் இங்கே லேசாக ஆட்டம் காண்கிறது. 5-0 என்று வெள்ளைப் பலகையில் எழுதிய அந்த நிமிடமே, ஐந்து பேரும் யாருக்குப் போட்டார்கள் என்பது உலகத்துக்கே தெரிந்துவிட்டது. நெவாடாவில் ஒரு சாவடியில் வேட்பாளருக்கு விழுந்த ஓட்டு மிகக் குறைவாக இருந்தால், எண்ணை மறைத்து நட்சத்திரக் குறி போட்டுவிடுவார்கள். டிக்ஸ்வில்காரர்கள் கேமரா முன்னால் ஓட்டுப் போட ஒப்புக்கொண்டவர்கள், அவர்களுக்கு அது பாரமில்லை போலும்.

குரோய்டன்: 34 பேர் வந்த கூட்டம்

இப்போது மறுமுனை. குரோய்டன், நியூ ஹாம்ப்ஷயரின் மேற்குப் பக்கத்தில் சுமார் 800 பேர் வசிக்கும் ஊர். 2022-ல் பதிவு செய்த வாக்காளர்கள் 565.

நியூ இங்கிலாந்து (நியூ ஹாம்ப்ஷயரும் அடங்கிய வடகிழக்கு அமெரிக்கப் பகுதி) ஊர்களில் பள்ளிக்கும் சாலைக்கும் எவ்வளவு செலவு என்பதை முடிவு செய்ய ஆண்டுக்கு ஒரு முறை ஊர்க்கூட்டம் போடுவார்கள். யார் வந்தாரோ அவர் கை தூக்கலாம். வந்தவர்களில் பெரும்பான்மை சொல்வதுதான் சட்டம். குறைந்தது இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. நியூ ஹாம்ப்ஷயரில் பொது விற்பனை வரியும் இல்லை, சம்பளத்தின் மீது மாநில வருமான வரியும் இல்லை. அதனால் பள்ளிச் செலவின் பெரும்பாரம் வீட்டு வரியில் விழும், அந்தக் கூட்டத்தின் ஒவ்வொரு கைதூக்கலும் நேராகப் பணப்பையைத் தொடும்.

2022 மார்ச் மாதம், பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கு 17 லட்சம் டாலர் வரவுசெலவுத் திட்டம் முன்வைக்கப்பட்டது. ஊர் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் எழுந்து, மாணவருக்குப் பத்தாயிரம் டாலர் போதும், 80 மாணவர்களுக்கு 8 லட்சம் என்று திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 20, எதிர்ப்பு 14. திருத்தம் நிறைவேறியது.

34 பேர் என்பது பட்டியலில் ஆறு சதவீதம். முடிவெடுத்த 20 பேர் மூன்றரை சதவீதம். பள்ளியின் பணத்தில் பாதிக்கு மேல் அரை நாளில் காணாமல் போனது. ஆனால் விதி எதுவும் மீறப்படவில்லை, கள்ள ஓட்டு இல்லை, மிரட்டல் இல்லை. வழக்கம்போல் எல்லாம் நடந்துவிடும் என்று நினைத்து மற்றவர்கள் வீட்டில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

இதன் பின்னணியில் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2001-ல் சுதந்திரவாதச் சிந்தனையாளர்கள் சிலர் ஒரு யோசனை சொன்னார்கள்: சிறிய அரசாங்கம் வேண்டுமென்போர் இருபதாயிரம் பேர் ஒரே சிறிய மாநிலத்தில் போய்க் குடியேறினால் அங்கே அரசியலை மாற்றலாம். 2003-ல் நியூ ஹாம்ப்ஷயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஃப்ரீ ஸ்டேட் திட்டம் என்பது அதன் பெயர். மாநிலம் முழுவதையும் திருப்ப ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும், ஊர்க்கூட்டத்தைத் திருப்ப இருபது பேர் போதும் என்பதைக் குரோய்டன் காட்டியது. 20-14 என்பதை ஊரின் சாய்வு என்று ஒரு வெளியூர் நிருபர் எழுதியிருந்தால் வாசகர்கள் நம்பியிருப்பார்கள்.

திருப்பி எடுத்த விதம்

செய்தி பரவியதும் ஊர் கொதித்தது. சட்டத்தில் ஒரு வழி இருந்தது: மனுக் கொடுத்துச் சிறப்புக் கூட்டம் கூட்டலாம். ஆனால் இந்த முறை நிபந்தனை கடுமை. பதிவு செய்த வாக்காளர்களில் பாதிப் பேராவது வந்து ஓட்டுப் போட்டால்தான் அந்த முடிவு செல்லும். 565-ல் பாதி என்றால் 283.

இங்கே விளையாட்டின் விதியே தலைகீழாகிறது.

1. பள்ளியின் பணத்தை மீட்க நினைப்பவர்கள் ஜெயித்தால் மட்டும் போதாது, 283 தலைகளையும் மண்டபத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

2. பள்ளிப் பணத்தில் விழுந்த வெட்டை ஆதரிப்பவர் வந்து "வேண்டாம்" என்று ஓட்டுப் போட்டால், எதிர்த்தரப்பு எட்ட வேண்டிய 283-ஐ எட்ட அவரே ஒரு தலையாக உதவுவார். வீட்டில் இருந்தால்தான் அவர் தரப்புக்கு லாபம். வராமல் இருங்கள் என்று பிரசாரமும் நடந்தது.

3. ஆகவே வருவதே ஆதரவு, வராததே எதிர்ப்பு. சீட்டில் என்ன எழுதினார்கள் என்பது இரண்டாம் பட்சம்.

வாரக்கணக்கில் வீடு வீடாகப் போனார்கள், தொலைபேசியில் கூப்பிட்டார்கள், சாலையோரம் பலகை நட்டார்கள். குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி, எதிலும் சேராதவர் என்று எல்லாத் தரப்பும் அந்த வேலையில் இருந்தது. மே 7 அன்று 379 பேர் வந்தார்கள். ஆறு சதவீதம் எட்டு வாரத்தில் அறுபத்தேழு ஆனது. மீட்க வேண்டும் என்றவர்கள் 377, வேண்டாம் என்றவர்கள் 2.

377-2 என்பதைச் செய்தித் தலைப்பில் பார்த்தால் ஊரே ஒரே குரலில் பேசியதாகத் தோன்றும். அன்று வராதவர்கள் 186 பேர். அவர்களில் சிலர் கொள்கைக்காக வீட்டில் இருந்தார்கள், சிலர் வேலைக்குப் போயிருப்பார்கள், சிலருக்கு எப்போதும்போல் அக்கறை இருந்திருக்காது. மூன்று கூட்டமும் கணக்கில் ஒரே எண்ணுக்குள் அடைபட்டுவிட்டது. வெட்டுக்கு மார்ச்சில் கை தூக்கியவர்கள் இருபது பேர், மே மாதம் மண்டபத்துக்குள் வந்து எதிர்த்தவர்கள் இரண்டே பேர். மீதிப் பேரில் எத்தனை பேர் மனம் மாறி வந்தார்கள், எத்தனை பேர் கணக்குப் போட்டு வீட்டிலேயே இருந்தார்கள் என்பது எந்தப் பட்டியலிலும் இல்லை.